அப்பாவின் பாதத்துக்கு 10 கிராம் நரம்பு

பாம்பனில் மீன்பிடிச் சாமான் கடைக்குப் போய் நரம்பு வேண்டும் என்று கேட்டால், எத்தனை தடிமன் என்று திருப்பிக் கேட்பார்கள். தூண்டிலுக்குக் கட்டுகிற நைலான் இழைக்கு எங்கள் கரையில் அதுதான் பெயர்; தங்கூசி என்று சொல்பவர்களும் உண்டு. போன ஐப்பசியில் நான் அரை மில்லிமீட்டர் நரம்பில் ஓர் உருளை வாங்கினேன். அப்பாவின் பாதத்துக்குள் ஓடுகிற நரம்பில் இன்னும் எவ்வளவு உயிர் இருக்கிறது என்று அதை வைத்துத்தான் பார்த்தேன். செய்த விதத்தையும் பிசகிய இடங்களையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

தொடக்கம் ஒரு முள். அப்பா தெற்குவாடிக் கரையிலிருந்து நடந்து வந்து திண்ணையில் உட்கார்ந்தார். வாசலிலிருந்து திண்ணைவரை சிமெண்டுத் தரையில் நாலு இடத்தில் ரத்தம் ஒட்டியிருந்தது. காலைத் திருப்பிப் பார்த்தால், வலது பெருவிரலுக்குக் கீழே சதையில் சீமைக் கருவேல முள் ஒன்று முழுதாக இறங்கி, ஒடிந்த முனை மட்டும் வெளியே தெரிந்தது. அந்த முள் ஏறினால் எப்பேர்ப்பட்டவரும் அங்கேயே உட்கார்ந்துவிடுவார். அப்பாவோ, “எப்போது ஏறியது என்று தெரியவில்லை தாயி” என்றார். அவருக்கு 63 வயது. சர்க்கரை நோய் கண்டுபிடித்து 14 வருடம் ஆகிறது.

முள்ளைவிட என்னை அதிகம் உறுத்தியது வேறொன்று. சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இரண்டு ஆண்டுகள் திட்ட உதவியாளராக இருந்தேன். சர்க்கரை நோய் வரவழைத்த சுண்டெலிகளின் உள்ளங்காலை நைலான் இழையால் தொட்டு, உணர்ச்சி எந்த அளவுக்கு இருக்கிறது என்று வாரம் தவறாமல் குறிப்பதுதான் என் வேலை. அந்த இரண்டு ஆண்டுகளில் கிறிஸ்துமஸுக்கும் பொங்கலுக்கும் வீட்டுக்கு வந்தபோது அப்பாவின் பாதத்தை ஒருமுறைகூட நான் தொட்டுப் பார்க்கவில்லை.

அந்த வேலையைக் கொஞ்சம் விரித்துச் சொன்னால்தான் பிறகு செய்தது புரியும். எங்களிடம் இரண்டு வகைச் சுண்டெலிகள் இருந்தன. முதல் வகை சி57 பிளாக்-6 என்கிற கறுப்புச் சுண்டெலி. அவற்றுக்கு ஸ்ட்ரெப்டோசோட்டோசின் ஊசி போடுவோம். மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரி தருகிற பொருள் அது. அமைப்பில் குளுக்கோஸின் சாயல் கொண்டது. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் குளுக்கோஸை உள்ளே விடுகிற அதே வாசல் வழியாக நுழைந்து அந்தச் செல்களை அழித்துவிடும். இது சர்க்கரை நோயை உண்டாக்கும் என்பது 1963இலேயே பதிவாகிவிட்டது. பிஎச் 4.5 உள்ள சிட்ரேட் கரைசலில் கலக்கிய சில நிமிடங்களிலேயே ஊசியில் ஏற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் மருந்து கெட்டுவிடும். ஐந்து நாள் தொடர்ந்து சிறிய அளவில் போடுவோம். ஆண் சுண்டெலிகளுக்கு நோய் எளிதில் வரும்; பெண் சுண்டெலிகள் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். இரண்டாவது வகைக்கு ஊசியே தேவையில்லை. டிபி/டிபி என்று பெயர். பசியை அடக்குகிற லெப்டின் ஹார்மோனின் செய்தியை வாங்கும் ஏற்பி பிறவியிலேயே பழுதானவை. 1966இல் அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வுக்கூடத்தில் இந்தக் கோளாறை முதலில் கண்டார்கள். தின்று தின்று கொழுத்து, சில வாரங்களிலேயே சர்க்கரை ஏறிவிடும். நம் வீட்டுப் பெரியவர்களுக்கு வருகிற இரண்டாம் வகை நோய்க்கு இவை ஓரளவு நெருங்கியவை.

நோய் பிடித்ததை முதலில் காட்டிக்கொடுப்பது கூண்டின் ஈரம். நல்ல சுண்டெலியின் கூண்டில் மரத்தூளை வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை மாற்றினால் போதும். சர்க்கரை ஏறிய கூண்டில் தினமும் மாற்ற வேண்டியிருந்தது. தண்ணீர்ப் புட்டி பாதி நாளிலேயே காலியாகும். பிறகு வால் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, மனிதர்களுக்கு வைத்திருக்கும் அதே குளுக்கோமீட்டரில் பார்ப்போம். அப்பா இரவில் நாலு முறை எழுந்து கொல்லைக்குப் போவதை அம்மா போனில் சொன்ன நாட்களில், நான் இந்த மரத்தூளைத்தான் மாற்றிக்கொண்டிருந்தேன்.

உணர்ச்சிச் சோதனைக்கு உயரத்தில் ஒரு கம்பி வலைத் தளம் இருக்கும். அதன்மேல் கண்ணாடி போன்ற சிறு அறைகளில் சுண்டெலிகளை விட்டு, அவை மோப்பம் பிடித்து ஓய்ந்து அடங்கும்வரை காத்திருப்போம். அரை மணி நேரம் ஆகலாம், ஒரு மணி நேரமும் ஆகலாம். இதில் அவசரப்பட்டால் அன்றைய எண்கள் அத்தனையும் குப்பைதான். சோதிக்கிறவர் ஆணா பெண்ணா என்பதுகூட முடிவை மாற்றும். ஆண்களின் வாடை சுண்டெலிகளுக்கு மன அழுத்தம் தந்து வலியை மறைக்கிறது என்று 2014இல் ஓர் ஆய்வு வந்தது. அடங்கியபின் வலைக்குக் கீழிருந்து பின்னங்காலின் நடுவில் இழையை நேராக அழுத்தி, வளைந்ததும் சில விநாடி பிடிப்போம். காலை உதறினால் அடுத்தது மெல்லிய இழை. அசையாவிட்டால் அடுத்தது தடித்த இழை. இந்த ஏற்ற இறக்க முறையை வைத்து, பாதித் தடவை காலைத் தூக்க வைக்கும் விசை எவ்வளவு என்று கணக்கிடலாம். எந்தச் சுண்டெலிக்கு நோய், எதற்கு இல்லை என்று தொடுகிறவருக்குத் தெரியக் கூடாது. அது மாறாத விதி.

ஊசி போட்ட சுண்டெலிகளில் முதல் வாரங்களில் விந்தையான ஒன்றைக் கண்டேன். லேசான தொடுதலுக்கே காலை இழுத்துக்கொண்டன. நரம்பு கெடத் தொடங்கும்போது மரத்துப்போகும் முன் சில காலம் எரிச்சலும் கூச்சமும்தான் கூடும். அப்பா ஏழெட்டு வருடத்துக்கு முன்னால், போர்வை பட்டாலே பாதம் எரிகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு அந்த எரிச்சல் தானே போய்விட்டது. குணமாகிவிட்டது என்று வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தோம்.

இடுப்புப் பக்கம் முதுகுத் தண்டை ஒட்டி இருக்கிற செல்லிலிருந்து பெருவிரல் நுனிவரை ஒரே ஒரு இழையாக, கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளத்துக்கு அந்த நரம்பு ஓடுகிறது. மதகில் தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது கடைமடை. வைகையின் கடைமடையில் இருக்கிற நம் மாவட்டத்துக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. உயர்ந்த சர்க்கரை நரம்புக்குச் சத்து கொண்டுவரும் நுண்குழாய்களையும், நரம்புக்கு உள்ளேயே ஆற்றல் தயாரிக்கும் அமைப்பையும் கெடுக்கும்போது, கால்விரல் நுனிதான் முதலில் பட்டுப்போகிறது. சுண்டெலியின் நரம்போ சில சென்டிமீட்டர்தான். அதன் ஆயுளும் ஏறக்குறைய இரண்டு வருடம்தான். அதனால்தான் சுண்டெலியில் நன்றாக வேலை செய்த பல மருந்துகள் மனிதர்களிடம் கைவிட்டன என்று நினைக்கிறேன். சர்க்கரையைச் சார்பிடால் என்ற வேறொரு பொருளாக மாற்றும் நொதியைத் தடுக்கும் மருந்துகளுக்கு நேர்ந்தது அதுதான். பல வருட நம்பிக்கைக்குப் பிறகு பெரும்பாலானவை சந்தைக்கே வரவில்லை. ஆனாலும் அந்தச் சின்னஞ்சிறு பாதங்களிலிருந்து தோல் துணுக்கு எடுத்து, மேல்தோலுக்குள் ஏறுகிற நரம்பு இழைகளை நுண்ணோக்கியில் எண்ணியபோது, நோயில்லாத சுண்டெலிக்கும் நோயுள்ளதற்கும் இருந்த வித்தியாசத்தை என் கண்ணால் பார்த்தேன். அதை மறக்க முடியாது.

இனி வேலைக்கு வருகிறேன்.

தொட்டு அளக்கும் இழையை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மாக்ஸிமிலியன் ஃபான் ஃப்ரை குதிரை மயிரில் செய்தார். 1960இல் செம்ஸும் வைன்ஸ்டைனும் அதை நைலானுக்கு மாற்றினார்கள். அமெரிக்காவில் கார்வில் என்ற ஊரின் தொழுநோய் மருத்துவமனையில் பாதப் புண் வந்தவர்களைச் சோதித்து 1986இல் வெளியிட்ட ஆய்விலிருந்துதான் 10 கிராம் இழை, அதாவது 10 கிராம் எடைக்குச் சமமான விசையில் வளைகிற இழை, ஓர் எல்லைக்கோடாக ஊன்றியது. அதை உணர முடியாதவரின் பாதத்துக்குக் காவல் இல்லை என்று பொருள். இழையை நட்டமாக அழுத்தினால் ஒரு கட்டம்வரை விறைத்து நிற்கும். பிறகு சட்டென்று வளையும். வளைந்தபின் இன்னும் கொஞ்சம் அழுத்தினாலும் விசை அவ்வளவாகக் கூடுவதில்லை. கை நடுங்கினாலும் பாதத்தில் விழும் விசை மாறாதிருப்பதற்கு அதுதான் காரணம். அந்த விசை தடிமனின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் கூடும்; நீளத்தின் இரண்டாம் அடுக்குக்கு ஏற்பக் குறையும். அரை மில்லிமீட்டரில் 10 கிராம் என்றால், அதே நீளத்தில் கால் மில்லிமீட்டர் நரம்பு பதினாறில் ஒரு பங்கு, ஏறத்தாழ 0.6 கிராம்தான் தரும். சுண்டெலிச் சோதனையில் நாங்கள் தொடங்குகிற இழை ஏறக்குறைய அந்த அளவுதான். இரண்டும் ஒரே கடையில், பக்கத்துப் பக்கத்து உருளையில் தொங்குகின்றன.

உருளையில் 0.50 என்று அச்சிட்டிருந்தது. படகு இயந்திரம் பழுதுபார்க்கும் லேத் பட்டறையில் மைக்ரோமீட்டர் கேட்டு வாங்கி அளந்தேன்: 0.52. இந்த இரண்டு புள்ளி வித்தியாசமே நான்காம் அடுக்கில் 17 சதவீதம் ஆகிவிடும். ஆகவே உருளையின் எண்ணை நம்பி நீளத்தை வெட்டக் கூடாது. தராசுதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

தராசு, நகைக்கடைக்காரர்கள் வைத்திருப்பதுபோல 0.01 கிராம்வரை காட்டும் சிறியது. அதைச் சரிபார்க்கப் புதிய பத்து ரூபாய் நாணயங்களை வைத்தேன். ஒன்று ஏறக்குறைய 7.7 கிராம் இருக்க வேண்டும். மூன்றும் அதை ஒட்டியே காட்டின.

உருளையிலிருந்து எடுத்த நரம்பு சுருண்டுகொண்டே இருக்கும். வளைவு இருந்தால் உரிய விசைக்கு முன்பே மடங்கிவிடும். ஒரு முழம் வெட்டி, கொதித்து இறக்கிய தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு, நுனியில் ஈயக்குண்டு கட்டி இரவு முழுக்க உத்திரத்தில் தொங்கவிட்டேன். காலையில் கம்பிபோல் நேராக நின்றது. அப்பா வந்து பார்த்துவிட்டு, ஈயம் போதாது, இன்னொன்று கட்டு என்று சொன்னார். அது சரிதான், இரண்டாம் தடவை இன்னும் நேராக வந்தது.

கைப்பிடிக்குப் பழைய பல் துலக்கும் பிரஷ். தலையை அறுத்துவிட்டு, சூடாக்கிய ஊசியால் துளை போட்டு, கைப்பிடிக்குச் செங்குத்தாக நரம்பைச் செருகினேன். முதல் தடவை சட்டென்று ஒட்டும் பசையைப் பயன்படுத்தினேன். அது தவறு. அந்தப் பசை தண்ணீர்போல நரம்பில் ஏறி, அடியில் 4 மில்லிமீட்டர் அளவுக்குக் கெட்டியாக்கிவிட்டது. வெளியே 38 மில்லிமீட்டர் தெரிந்தாலும் வளைவது 34தான். தராசு 14 கிராம் காட்டியது. இரண்டு குழாயாக வருகிற எபாக்சி பசை ஏறாமல் இருந்த இடத்திலேயே இறுகியது. அதில் 38 மில்லிமீட்டருக்கு 11.3 கிராம், 40க்கு 10.2 கிராம் வந்தது. நுனியைப் புதுப் பிளேடால் நேராக வெட்டி, மெல்லிய உப்புத்தாளில் ஓரத்தை மழுக்கினேன். கூரான நுனி குத்தும். நாம் அளப்பது அழுத்தம். குத்தல் வேறு நரம்பின் வேலை.

தராசின் எஃகுத் தட்டில் நுனி வழுக்கிக்கொண்டு போனது. தட்டில் ஒரு துண்டு காகித டேப் ஒட்டியபின் நின்றது. மெதுவாக அழுத்தி, வளைகிற நேரத்தில் காட்டுகிற உச்ச எண்ணைப் பத்து முறை குறித்துச் சராசரி எடுத்தேன்.

10.2 கிடைத்ததும் வேலை முடிந்தது என்று நினைத்தேன். அன்று இரவு மழை. காலையில் வாடைக்காற்றில் வீட்டுச் சுவரே வியர்த்திருந்தது. சும்மா ஒருமுறை பார்ப்போம் என்று தராசில் அழுத்தினால் 8.4. தராசு கெட்டுவிட்டதோ என்று நாணயங்களை வைத்தேன், அதே 7.7. கெட்டது தராசு இல்லை. நைலான் காற்றிலிருந்து ஈரத்தைக் குடிக்கும், குடித்தால் இளகும். சென்னை ஆய்வுக்கூடத்தில் வெப்பமும் ஈரமும் கட்டுப்பாட்டில் இருந்ததால் இதை நான் ஒருநாளும் உணர்ந்ததில்லை. இருபுறமும் கடல் உள்ள பாம்பனில் இது தினசரிப் பிரச்சினை. 8.4 கிராம் இழையைத் தொட்டு அப்பா தெரியவில்லை என்று சொன்னால் அது அவர் நரம்பின் குறையா, என் நரம்பின் குறையா என்று எப்படிச் சொல்வது?

மாத்திரை டப்பாக்களில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைத் தெருவெல்லாம் கேட்டுச் சேகரித்தேன். பிரித்து, தோசைக்கல்லில் சிறு தீயில் வறுத்து ஈரத்தைப் போக்கி, துணியில் முடிந்து, காற்றுப் புகாத டப்பாவில் இழையோடு வைத்தேன். ஒரு நாள் கழித்து அதே 40 மில்லிமீட்டர் இழை 11.1 காட்டியது. ஆகவே உலர்ந்த நிலையைத்தான் அளவாகக் கொள்ள வேண்டும் என்று தீர்மானித்து, 42 மில்லிமீட்டரில் புதிதாக ஒன்று செய்தேன். டப்பாவிலிருந்து எடுத்தவுடன் 10.1, அரை மணி நேரம் வெளியே இருந்தபின் 9.9. தொடர்ந்து நூறு தடவை வளைத்தால் 9.4க்குத் தளர்ந்தது, ஒரு நாள் ஓய்வில் விட்டால் மீண்டது. சோதனைக்கு முன்னும் பின்னும் தராசில் அழுத்தி இரண்டு எண்ணையும் எழுதுகிறேன். முன்னும் பின்னும் 9க்கும் 11க்கும் இடையில் இல்லாவிட்டால் அன்றைய பதிவைக் கிழித்துவிடுவேன்.

அப்பாவைச் சோதித்த நாள் மாலையில் திண்ணையில் படுக்கவைத்தேன். முதலில் முன்கையில் தொட்டு, இப்படித்தான் இருக்கும் என்று காட்டினேன். பிறகு கண்ணை மூடச் சொன்னேன். பெருவிரல், அதன் அடிமேடு, சுண்டுவிரலின் அடிமேடு; காய்ப்பு இருக்கிற இடத்தைத் தவிர்த்து அதன் ஓரத்தில். தொட்டு, வளைத்து, ஒன்றிரண்டு விநாடியில் எடுத்துவிட வேண்டும். தேய்க்கக் கூடாது.

அப்பா எல்லாவற்றுக்கும் “தெரிகிறது” என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. அடுத்து, தொடாமலே “இப்போது?” என்று கேட்டேன். அதற்கும் “தெரிகிறது” என்றார். மருத்துவமனைக்கு அழைத்துப் போய்விடுவேனோ என்கிற பயம். மகளைக் கவலைப்படுத்த வேண்டாம் என்கிற எண்ணமும் இருந்திருக்கும். சுண்டெலிக்கு யாரையும் தேற்ற வேண்டியதில்லை, அதனால் அதன் பதிலில் இந்தச் சிக்கல் இல்லை. “அப்பா, தப்பு சரி என்று ஒன்றும் இல்லை. நீங்கள் எனக்காகச் சொன்னால் நான் தவறாக எழுதிவிடுவேன்” என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “சரி, முதலிலிருந்து தொடு” என்றார்.

ஒவ்வோர் இடத்திலும் இரண்டு முறை தொட்டு, ஒருமுறை பொய்யாகக் கேட்டு, எந்தக் கால் என்றும் சொல்லச் சொன்னேன். வரிசையைக் கலைத்துக்கொண்டே இருந்தேன். வலது பெருவிரல் தெரியவில்லை. வலது பெருவிரலின் அடிமேடு, அதாவது முள் ஏறிய இடம், தெரியவில்லை. இடது பெருவிரல் தெரியவில்லை. மற்ற மூன்றும் தெரிந்தன. காகிதத்தில் பாதத்தின் வெளிக்கோட்டை வரைந்து, தெரியாத இடங்களைக் கரியால் நிரப்பி அவரிடம் காட்டினேன். கடலில் பாறை இருக்கும் இடங்களைப் பார்ப்பதுபோல அந்தத் தாளை உற்றுப் பார்த்தார். “இங்கெல்லாம் கண்ணால்தான் பார்க்க வேண்டும், அப்படித்தானே?” என்றார். அவ்வளவு சரியாக நான் சொல்லியிருக்க மாட்டேன்.

மறுவாரம் ராமநாதபுரத்தில் மருத்துவரிடம் தாளோடு போனோம். அவர் தம்மிடம் இருந்த இழையாலும், 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைக் கணுக்காலிலும் விரலிலும் வைத்தும் பார்த்தார். இழையில் அதே மூன்று இடங்கள். இசைக்கவையின் அதிர்வு இரண்டு பெருவிரலிலும் தெரியவில்லை. அதைச் சோதிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. வீட்டில் செய்த இழை மருத்துவரின் சோதனைக்கு மாற்று ஆகாது. எப்போது போக வேண்டும் என்று சொல்ல அது போதும். இழைகூட இல்லாதவர்கள், கண்ணை மூடச் சொல்லி இரண்டு கால்களிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஆள்காட்டி விரலால் லேசாக ஒன்றிரண்டு விநாடி தொட்டுப் பார்க்கலாம். இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகரில் வகுத்த முறை அது. ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாவிட்டால் மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பர் செருப்பு வாங்கிவிட்டோம். ஆனால் நாட்டுப்படகில் அதைப் போட்டுக்கொண்டு நிற்க முடியாது என்கிறார், அது உண்மைதான். கரைவரை செருப்பு, படகில் வெறுங்கால், திரும்பி வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி விரலிடுக்கைத் துடைத்து, அம்மாவின் கைக்கண்ணாடியைத் தரையில் வைத்து இரண்டு உள்ளங்காலையும் பார்ப்பது என்று ஏற்பாடு. முதல் வாரத்தில் நான் நினைவூட்ட வேண்டியிருந்தது. இப்போது அவரே கண்ணாடியைக் கேட்கிறார். கெளுத்தி முள் கீறல் ஒன்றை அப்படித்தான் கண்டுபிடித்தார்.

தை மாதம் இரண்டாவது சோதனை. இழை முன்னால் 10.0, பின்னால் 9.8. அதே மூன்று இடங்கள். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

பெரியம்மா தென்கடலில் பாசி எடுக்கப் போகிறவர். பாறையில் காலை ஊன்றி நாளெல்லாம் நிற்க வேண்டிய வேலை. அவருக்கும் ஒன்பது வருடமாகச் சர்க்கரை. செய்தி தெரிந்து, “எனக்கும் தொட்டுப் பார் மகளே” என்று ஆள் அனுப்பியிருக்கிறார். கூட வேலை செய்கிற நாலு பேரையும் அழைத்துவருவாராம். ஐந்து பேருக்கு ஓர் இழை போதாது. இன்று இன்னும் இரண்டு செய்து ஈயம் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். சிலிக்கா ஜெல்லை இரவு மறுபடியும் வறுக்க வேண்டும்.